எம்ஜிபி காருக்கு ஹெடர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

1960, 70-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் தொழிற்சாலையிலிருந்தே வந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வாங்கிப் பின்குழாய்க்கு அனுப்பும் பகுதி) ஒன்றும் மோசமில்லை. அதற்குப் பதிலாக மாட்டும், வளைத்த குழாய்களால் செய்த மேனிஃபோல்டுதான் ஹெடர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பழைய மேனிஃபோல்டைக் கழற்றினாலே எஞ்சின் துள்ளும். இந்தக் காரில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். கேம், ஹெட், கார்புரேட்டர் எதையும் தொடாத 1798 சி.சி. எஞ்சினில் ஹெடர் மட்டும் மாட்டினால் கூடுவது சில குதிரைத்திறன்தான். ஒரு மூட்டில் கசிவு வந்தால் அதுவும் போச்சு. ஹெட்டில் போர்ட் வேலை செய்து (அதாவது வாய்களைப் பெரிதாக்கிச் சீராக்கி), கேமும் மாற்றியிருந்தால் கணக்கு வேறு. அங்கே ஹெடர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். பழைய வார்ப்பு விரிசல் விட்டு, எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றாலும் யோசிக்கலாம்.

எம்ஜிபியில் உள்ள பி-சீரிஸ் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். ஆனால் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வாய் மூன்றுதான். ஒன்றாம் சிலிண்டருக்கும் நான்காம் சிலிண்டருக்கும் தனித்தனி வாய். இரண்டும் மூன்றும் நடுவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது நடுவாயில் இரண்டும் மூன்றும் கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றும் இடைவெளியில் மாறி மாறி ஊதுகின்றன. ஒன்றுக்கும் நான்குக்கும் இடையிலும் அதே இடைவெளிதான். ஆகவே ஓரக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்துவிட்டு, நடுக்குழாயைத் தனியாக நீளமாகக் கொண்டுபோய்க் கீழே சேர்ப்பதுதான் பொருத்தமான அமைப்பு. 'லாங் சென்டர் பிராஞ்ச்' என்று விற்பது இதைத்தான். மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஹெடர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு சிலிண்டர் ஊதுவது அடுத்த சிலிண்டரின் வாய் வரை எட்டும். நடுவேகத்தில் இழுவை குறையும். தெருவில் ஓட்டும் காருக்கு அது வேண்டாம்.

குழாயின் குறுக்களவைப் பெரிதாக எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தெரு எஞ்சினுக்கு 1½ அங்குல வெளிவிட்டம் போதும். அதற்கு மேல் போனால் புகை வேகம் குறைந்து, 3000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே வண்டி சோம்பும். கலெக்டருக்கு, அதாவது குழாய்கள் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு, பிறகு 2 அங்குலத்தில் ஒற்றைக் குழாய் நிறைவாக இருக்கும். தகடு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தடிமன் உள்ளதாகப் பாருங்கள். 18 கேஜ் இலேசானது. ஆனால் ஃபிளாஞ்ச் (ஹெட்டின் மேல் உட்காரும் தட்டு) அருகே வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். 304 ஸ்டெயின்லெஸ் நெடுநாள் உழைக்கும். மைல்டு ஸ்டீல் வாங்கினால் செராமிக் பூச்சோடு வாங்குங்கள். மைல்டு ஸ்டீல் மேல் வெப்பநாடா சுற்றும் வழக்கம் ஒன்று உண்டு. நாடாவுக்குள் ஈரம் தங்கி, குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். ஓட்டை விழும்வரை வெளியே தெரியாது.

ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, ஸ்டியரிங் எந்தப் பக்கம்? மேனிஃபோல்டு இருப்பது எஞ்சினின் இடப்பக்கம். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங் தண்டு ஹெடர் குழாய்களை ஒட்டியே இறங்கும். அந்த அமைப்புக்கென்று வளைத்த ஹெடராகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, 1975 மாடலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ரப்பர் பம்பர் காரா? அவற்றில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்; இன்லெட் மேனிஃபோல்டும் (கார்புரேட்டரிலிருந்து கலவையை எஞ்சினுக்குள் விடுவது) எக்ஸாஸ்டும் ஒரே வார்ப்பு. ஹெடர் மாட்டினால் இன்லெட் மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் சேர்ந்தே மாற வேண்டும். செலவு எகிறும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு வந்த காரென்றால் சட்டச் சிக்கலும் உண்டு. கலிபோர்னியாவில் 1975 மாடல் வரைதான் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு.

ஃபிளாஞ்ச் தடிமன்

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின் மேல் உட்காருகின்றன. நடுவில் உள்ள ஸ்டட்களில் ஒரு தடித்த வாஷர் பாதி இன்லெட் ஃபிளாஞ்ச் மேலும் பாதி எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்ச் மேலும் ஏறி, இரண்டையும் சேர்த்து அழுத்துகிறது. தொழிற்சாலை வார்ப்பில் இரண்டு தடிமனும் ஒத்துப்போகும். புது ஹெடரின் ஃபிளாஞ்ச் இன்லெட்டைவிட மெலிதாக இருந்தால் வாஷர் சாயும். அழுத்தம் முழுக்க இன்லெட் மேல் விழும். எக்ஸாஸ்ட் பக்கம் கசியும். ஹெடர் தடித்திருந்தால் இன்லெட் பக்கம் காற்றை இழுக்கும். அப்போது ஐடிலில் எஞ்சின் தடுமாறும். பழி பாவம் கார்புரேட்டர் மேல் விழும். கேஸ்கெட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆகவே ஹெடர் வந்ததும் வெர்னியரை எடுத்து, வாஷர் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு ஃபிளாஞ்சையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 0.1 மி.மீ. வித்தியாசத்தை கேஸ்கெட் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் லேத்தில் படி வைத்த வாஷர் செய்யச் சொல்லுங்கள், அல்லது தடித்த ஃபிளாஞ்சில் வாஷர் உட்காரும் முகத்தை மட்டும் மில்லிங்கில் எடுங்கள். கேஸ்கெட் முகத்தில் கை வைக்காதீர்கள். ஆனால் அந்த முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளைவது சகஜம். 0.15 மி.மீ. இலை உள்ளே நுழைந்தால் சமதளத்தில் எமரித்தாள் ஒட்டித் தேய்த்தோ, மெஷின் பண்ணியோ நேராக்குங்கள்.

கேஸ்கெட்டை ஹெட் மேலும் ஹெடர் மேலும் வைத்துத் துளைகளையும் ஒப்பிடுங்கள். ஹெடரின் வாய் ஹெட்டின் வாயைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருந்தால் புகை அந்த விளிம்பில் மோதும், அரத்தால் ராவி வாயை அகலமாக்கிவிடுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

முந்தின நாளே ஸ்டட்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள்; ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஹோஸ், சோக், ஆக்சிலரேட்டர் கேபிள்கள், கார்புரேட்டர்கள், வெப்பத்தடுப்புத் தகடு, இன்லெட் மேனிஃபோல்டு என்ற வரிசையில் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும். பழைய வெப்பத்தடுப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் நார்ப்பொருள் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டவோ காற்றடிக்கவோ கூடாது. ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மேனிஃபோல்டு நட்கள் 5/16 அங்குல யூ.என்.எஃப். (நெருக்கமான மரை); ½ அங்குல ஸ்பேனர் உட்காரும். சுற்ற மறுக்கும் நட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டோடு ஒடியும். நட்டைச் சூடாக்கி ஆறவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். ஸ்டட்களைக் கழற்ற முடிந்தால் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது.

ஹெட் முகத்தை ஸ்கிரேப்பரால் சுத்தம் செய்யும்போது வாய்களில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். புது கேஸ்கெட்டின் துளையிட்ட உலோக முகம் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். சீலண்ட் எதுவும் பூச வேண்டாம். ஹெடரை முதலில் கேஸ்கெட் இல்லாமல் மாட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டு, பிரேக் பைப், பெட்ரோல் பைப் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். எஞ்சினைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஓடும்போது அது இதைவிட அதிகம் ஆடும்.

இடைவெளி சரியென்றால் கேஸ்கெட், ஹெடர், இன்லெட் என்று ஏற்றி, நட்களில் காப்பர் கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் விரலால் மட்டும் போடுங்கள். ஸ்பேனரைத் தொடும் முன் கீழே கலெக்டரையும் பின்குழாயையும் இணைத்து, தொங்கல்களையும் மாட்டிவிடுங்கள். மேலே முதலில் முடுக்கிவிட்டுப் பின்குழாயை இழுத்து வளைத்துப் பொருத்தினால் அந்த இழுவிசை முழுவதும் ஃபிளாஞ்ச் வெல்டில் போய் நிற்கும். அங்கேதான் பிறகு விரிசல். இப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, 15 பவுண்டு-அடி (சுமார் 20 நியூட்டன் மீட்டர்) வரை முடுக்குங்கள். குழாய் மறைக்கும் நட்டுக்கு டார்க் ரெஞ்ச் போகாது. ஸ்பேனர் ஒன்றைத் தேய்த்து மெலிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொங்கலை கியர்பாக்ஸோடு இணைக்க வேண்டும், பாடியோடு அல்ல. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் ஒன்றாக ஆடுகின்றன; குழாயின் முன்பகுதியும் அவற்றோடு ஆடினால்தான் பிழைக்கும். அதற்குப் பின்னால் வரும் தொங்கல்கள் ரப்பரில் இருக்கட்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சோதனை. வேக்குவம் கிளீனரின் ஊதும் வாயைச் சைலன்சர் நுனியில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். கசியும் மூட்டிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்பதை வால்வு சத்தம் என்று நினைத்து டேப்பெட்டைச் சரிசெய்து நேரத்தைப் போக்குகிறவர்கள் உண்டு. ஆக்சிலரேட்டரை விடும்போது பின்னால் படபடவென வெடித்தால் கலெக்டர் மூட்டில் காற்று நுழைகிறது.

ஹெடர் மாறினால் பெட்ரோல்-காற்றுக் கலவையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் மெலிந்திருக்கும், அதாவது பெட்ரோல் குறைந்திருக்கும். இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரில் எஞ்சின் சூடான பிறகு பிஸ்டனை சுமார் 0.8 மி.மீ. தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கினால் குறைவு, சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு முகம் கீழே திருகினால் பெட்ரோல் கூடும். முழு ஆக்சிலரேட்டரிலும் மெலிந்தால் நட்டால் சரியாகாது, ஊசியை மாற்ற வேண்டும். லாம்ப்டா மீட்டர் இருந்தால் முழு சுமையில் காற்று-பெட்ரோல் விகிதத்தை 12.5 முதல் 13 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பைவிட மெல்லிய குழாய் அதிகச் சூட்டை வெளியே தள்ளும். ஃப்ளோட் சேம்பர்கள் அதற்கு நேர் மேலே இருப்பதால் வெயில் நாளில் ட்ராஃபிக்கில் பெட்ரோல் கொதித்து எஞ்சின் திணறும். வெப்பத்தடுப்புத் தகட்டைப் புது இன்சுலேஷனோடு திரும்ப மாட்டுங்கள். ஹெடர் இடிக்கிறது என்று அதை வெட்டி எறிய வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் முழுக்க ஆறியதும் எல்லா நட்களையும் மறுபடி முடுக்குங்கள். சூட்டில் முடுக்கினால் அளவு தவறும். 500 மைலில் இன்னொரு முறை. அப்போதும் ஒரே நட் தளர்ந்துகொண்டே இருந்தால் அந்த இடத்து வாஷரைக் கழற்றி, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்; ஃபிளாஞ்ச் தடிமன் இன்னும் ஒத்துப்போகவில்லை.