பம்பை மாற்றும் முன்: பழைய காரில் விட்டு விட்டு வரும் கரண்ட் கோளாறு

நல்ல வெயிலில் நிறுத்திய கார். செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் பிடிக்கிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றால் கோளாறே இல்லை. பழைய எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் கேட்கும் வசனம்: "பெட்ரோல் பம்பு போச்சு சார், மாத்திடலாம்."

பெரும்பாலும் தப்பு இங்கேதான் தொடங்குகிறது. டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் இந்தப் பம்பை மாற்றினால் கார் சரியாகிவிடுவதும் உண்டு, அதுதான் வில்லங்கம். பழைய கப்ளரை (பம்பையும் வயரையும் இணைக்கும் பிளக்கை) கழற்றி மாட்டும்போது பின்னில் படிந்த களிம்பு உரசிப் போய்விடும். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். நல்ல பம்பைக் குப்பையில் போட்டுவிட்டோம் என்பது கோளாறு திரும்பி வரும்போதுதான் தெரியும். அதே காரணத்துக்காக, கார் நின்றதும் கப்ளர்களைப் பிடித்து ஆட்டக் கூடாது. ஆட்டினால் ஓடும், ஆனால் எங்கே விட்டது என்ற தடயமும் அதோடு போய்விடும். முதலில் அளக்க வேண்டும், தொடுவது அப்புறம்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். வயர் நல்ல வயர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பத்துப் பதினைந்து இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அதே 12-ஐத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட் இழுப்பதே இல்லை. பம்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த முனையில் 1 ஓம் தடை இருந்தால் அங்கேயே 5 வோல்ட் வரை காலி. மிச்சம் இருக்கும் வோல்ட்டில் பம்பு முனகும், பிரஷர் ஏறாது.

அதனால் கப்ளர் மாட்டியபடியே, பம்பு ஓடும்போது, பின்பக்கமாக ஊசி செருகி அளக்க வேண்டும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்பு பிளஸ்ஸுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பம்பு மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவிலும் அதே சோதனை. பலர் பிளஸ் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, துருப்பிடித்த பாடி எர்த் போல்ட்டை மறந்துவிடுகிறார்கள். எல்இடி டெஸ்டரை இந்த வேலைக்கு நம்பவே கூடாது. அது எவ்வளவு மோசமான வயரிலும் பளிச்சென்று எரியும்.

சாவியை ஆன் செய்ததும் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்பை சுமார் 2 விநாடி ஓட்டிவிட்டு நிறுத்திவிடும்; என்ஜின் சுற்றினால்தான் மறுபடி கரண்ட் தரும். இது தெரியாமல் சாவியைத் திருப்பிவிட்டுப் பின்னால் டேங்க் பக்கம் போய் அளந்தால் ஒன்றும் வராது, "வயர் கட்" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். என்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செத்தாலும் ஈசியூ பம்பை நிறுத்தும். அங்கே பம்பு நின்றது விளைவு, காரணமில்லை.

வயர் கோளாறையும் சென்சார் கோளாறையும் பிரித்துப் பார்க்கச் செலவில்லாத வழி இருக்கிறது. பம்பின் பிளஸ் வயரிலிருந்து சின்ன ஃபியூஸ் வைத்து ஒரு வயரை முன்னால் இழுத்து, கண்ணில் படும் இடத்தில் 5 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். இன்னொரு முனை பாடி எர்த்தில். பக்கத்தில் உட்காருபவர் பல்பைப் பார்க்கட்டும். பல்பு முதலில் அணைந்து, பிறகு என்ஜின் திணறி நின்றால் பம்புக்குப் போகும் பாதையில் கோளாறு. என்ஜின் படக்கென்று நின்று, பிறகு பல்பு அணைந்தால் சென்சார், இக்னிஷன் பக்கம் போங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்க என்ஜின் திணறினால்தான் பம்பையோ அதன் எர்த்தையோ சந்தேகப்படலாம்.

ரிலே (பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) "டிக்" என்றால் நல்ல ரிலே என்பதும் தப்புக் கணக்குதான். சத்தம், ரிலேயின் காந்தச் சுருள் வேலை செய்வதை மட்டும் சொல்லும். உள்ளே கரண்டைக் கடத்தும் கான்டாக்ட் கருகியிருக்கலாம். 1980, 90-களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களின் மெயின் ரிலே இதற்குப் பேர்போனது. உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டில் ஈயப் பற்று மயிரிழை அளவு விரிசல் விடும். கேபின் சூடானால் தொடர்பு விடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஈசியூவுக்கும் இதே பெட்டிதான் கரண்ட் தருகிறது என்பதால், இங்கே மட்டும் பல்பை வைத்து அவசரமாக முடிவெடுக்க முடியாது. ரிலேயை ஹேர் டிரையரால் சூடுபண்ணிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

எல்பிஜி கிட், அலாரம் மாட்டிய காராக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இணைப்புகளைத்தான் பார்ப்பேன். பம்பு வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலில் பசை இளகி, டேப் நழுவி, செம்பு கறுத்திருக்கும்.

ரிலே சாக்கெட்டில் கரண்ட் வரும் 30-ஆம் முனையையும் பம்புக்குப் போகும் 87-ஆம் முனையையும் வயரால் இணைத்துப் பம்பை ஓடவிட்டுச் சோதிப்பது சரி. அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போவது சரியில்லை: மோதி என்ஜின் நின்றாலும் பம்பு பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டேங்க் பக்கத்தில் வயரைப் பாடியில் உரசி, பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் உள்ளவர் கையில் காரைக் கொடுக்காதீர்கள்.