வேடியப்பன் கல்லுக்கு மண்டபம் கேட்டால்

செங்கம், தண்டராம்பட்டு, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல், புதிதல்ல. கொல்லைமேட்டு வேடியப்பன் என்று கும்பிட்டு வளர்ந்தோம். அவற்றில் பல, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த பல்லவர் காலத்துக் கற்கள். எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அதில் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது இந்தக் கற்களைப் பார்க்க நினைத்தால் தை, மாசியில் போங்கள். அறுப்பு முடிந்திருக்கும், புதர் காய்ந்திருக்கும். காலை ஏழு, எட்டு மணிக்குச் சாய்ந்து விழும் வெயிலில்தான் எழுத்து தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். எழுத்தின் மேல் சாக்பீஸ், மாவு தேய்க்காதீர்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். நிலத்துக்காரரையும் பூசாரியையும் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே போங்கள். சில இடங்களில் பெண்கள் எதுவரை போகலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள், அதையும் முன்பே கேளுங்கள். சாய்ந்து நிற்கும் கல்லில் முதுகைச் சாய்க்காதீர்கள், மழை அரித்து அடி இளகியிருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லச்சந்திரத்தில் இருப்பது மாதிரியான கல்திட்டைகளுக்குள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய பழங்கால ஈமச்சின்னங்களுக்குள், குனிந்து நுழையாதீர்கள். உள்ளே விரியன் கிடக்கும்.

இனி, ஊரில் இருக்கும் பெரியப்பா வைக்கும் கோரிக்கை. கல்லைப் பார்க்கப் போன அன்றைக்கே, "ஏம்ப்பா, நீ வெளிநாட்டுல சம்பாதிக்கிற, சாமி மழையிலயும் வெயிலிலயும் நிக்குது. ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்துடு" என்பார். ஊரை விட்டுப் போனவர்களுக்கு உள்ளே ஓர் உறுத்தல் உண்டு. அவர் தொடுவது சரியாக அந்த இடத்தைத்தான். உபயம் என்று நம் பெயர் பொறித்த பளிங்குப் பலகை கண்முன் வந்துவிடும். தயவுசெய்து சரி என்று சொல்லாதீர்கள். ஆயிரத்து நானூறு வருஷ மழை அழிக்காத எழுத்தை நம் பணம் ஒரே வாரத்தில் அழித்துவிடும்.

நடப்பது இதுதான். ஜேசிபியில் கயிறு கட்டிக் கல்லைப் பிடுங்குவார்கள், விளிம்பு உடையும். மேடை போட்டுத் திரும்ப நடும்போது கீழ்ப்பாதி சிமெண்டுக்குள் போய்விடும், அங்கே எழுத்து இருந்தால் அதோடு சரி. 'பளிச்சென்று இருக்கட்டும்' என்று மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் ஆழமில்லாத வெட்டு தேய்ந்துவிடும். மிச்சத்தை எனாமல் பெயின்ட் நிரப்பும். கல்லை ஒட்டிக் கற்பூரம் கொளுத்தக் கொளுத்தச் சூட்டில் கல் செதில் செதிலாகப் பெயரும்.

பெரியப்பாவிடம் மறுத்துப் பேசி மல்லுக்கட்ட வேண்டாம். "திருவிழாவுக்குக் கிடாயும் பொங்கல் அரிசியும் என் செலவு, சுற்றி இருக்கிற கருவேல முள்ளை வெட்ட ஆள்கூலியும் தர்றேன், கல்லை மட்டும் அசைக்க வேண்டாம்" என்று பூசாரி முன்னால் சொல்லுங்கள். விளக்கையும் கற்பூரத் தட்டையும் மூன்றடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பூசாரி ஒத்துக்கொண்டால் பெரியப்பாவும் ஒத்துக்கொள்வார்.

ஏற்கெனவே பெயின்ட் அடித்திருந்தால் தின்னர், கம்பி பிரஷ் எதையும் கொண்டு தொடாதீர்கள். நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இருப்பிடக் குறிப்போடு மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் கொடுங்கள்.

கல்லருகே கிடக்கும் கருப்பு சிவப்புப் பழங்காலப் பானை ஓட்டாஞ்சில்லைப் பையில் போடாதீர்கள். தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவது 1972-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.