டிசம்பர்ல வேலை தேடுறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

"லீவு சீசன்ல எவன் ஆள் எடுப்பான், ஜனவரி பொறக்கட்டும் பாத்துக்கலாம்", இத சொல்லாத ஆளே கிடையாது. நானும் சொல்லிருக்கேன். சொல்லிட்டு மூணு வாரம் இழுத்துப் போத்திட்டு படுத்துட்டு ஜனவரி முதல் திங்கக்கிழமை லேப்டாப்ப தொறந்தா, என்ன மாதிரியே யோசிச்ச அத்தன பேரும் அன்னிக்கே அப்ளை பண்ணிட்டு இருக்காங்க. கூட்டம் இல்லாதப்ப சும்மா இருந்துட்டு, கூட்டத்துல போய் வரிசைல நின்ன கதைதான்.

அப்புறம் சில வருஷம் கழிச்சு ஆள் எடுக்குற பக்கம் உக்காந்தப்பதான் உள்ள என்ன நடக்குதுன்னே புரிஞ்சுது. ஜனவரி டு டிசம்பர் கணக்கு வருஷம் வச்சிருக்கற கம்பெனில ஒரு டீமுக்கு இந்த வருஷத்துக்கு இத்தன பேருன்னு அப்ரூவல் வாங்கிருப்பாங்க, அது டிசம்பர் 31க்குள்ள நிரம்பலன்னா அடுத்த வருஷம் மறுபடி மொதல்லேந்து கேக்கணும், கெடைக்கும்னு கேரன்ட்டியும் இல்ல, அதனால மேனேஜருக்கு உள்ளுக்குள்ள ஒரு பதட்டம் ஓடிட்டே இருக்கும். எல்லா கம்பெனியும் இப்படி இல்ல, ஏப்ரல் டு மார்ச் கணக்கு வச்சிருக்கற இடத்துல டிசம்பர்ங்கறது வருஷத்தோட நடுவுல ஒரு மாசம், அவ்ளோதான். ரெண்டு வகையிலயும் ஆள் எடுக்குற வேலை ஓடும், மெதுவா ஓடும். அந்த மெதுவத்தான் நம்ம ஆளுங்க தப்பா புரிஞ்சுக்கறாங்க.

பதில் வரலன்னா ரிஜெக்ட்டுன்னு முடிவு கட்டிடறது. டிசம்பர் 18 இன்டர்வியூ முடிஞ்சிருக்கும், 22 வரைக்கும் சத்தமே இல்ல, உடனே "போச்சுடா"ன்னு மூட் அவுட் ஆகி மத்த இடத்துக்கு அப்ளை பண்றதையும் நிறுத்திடுவாங்க. இன்னொரு கூட்டம் இருக்கு, அது ரெண்டு நாளைக்கு ஒரு மெயில், நடுவுல ஒரு ஃபோன், அப்புறம் லிங்க்ட்இன்ல ஒரு மெசேஜ்னு அந்த எச்ஆர் லீவுல இருக்கும்போதே துரத்தும். ரெண்டுமே வேணாம். இன்டர்வியூ முடிஞ்சு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுடுங்க, "அடுத்த ரவுண்டு லீவுக்கு முன்னாடி இருக்குமா, இல்ல திரும்பி வந்தப்புறமா?" முன்னாடின்னா ஒரு வாரத்துல கேக்கலாம், அப்புறம்னா ஜனவரி வரைக்கும் நிம்மதியா வேற இடம் தேடலாம்.

இதுல ஒரு சின்ன விஷயம், யாருமே கவனிக்கறதில்ல. நீங்க மெயில் போட்டதும் ஒரு ஆட்டோ ரிப்ளை வரும்ல, "நான் ஜனவரி 5 வரை லீவு, அவசரம்னா இன்னாரை தொடர்பு கொள்ளவும்"னு, அத பாத்த உடனே டெலீட் பண்ணிடுவோம். பண்ணாதீங்க, அந்த ரெண்டு வரில அவர் எப்ப வருவாரு, அவர் இல்லாதப்ப பொறுப்பு யாருன்னு எல்லாம் இருக்கு. ஆனா அவசரத்துக்கு குடுத்த அந்த ஆளுக்கு முழு ரெஸ்யூமே அனுப்பி "எனக்கு என்னாச்சு"ன்னு கேக்கக் கூடாது, கையில வேற ஆஃபர் இருந்து தேதி முடியப் போகுதுன்னாதான் அவர தொடணும். அப்புறம் அவர் திரும்பி வர்ற அன்னிக்கு காலைல 9 மணிக்கும் மெயில் போடாதீங்க, ரெண்டு வார மெயிலுக்கு அடியில போயிடும். ரெண்டு நாள் விடுங்க, அப்புறம் பழைய மெயில் செயின்லயே மூணு வரி: "வணக்கம், டிசம்பர் 18 இந்த வேலைக்கு இன்டர்வியூ குடுத்தேன், இப்பவும் ஆர்வமா இருக்கேன், அடுத்த கட்டம் எப்பன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்." போதும், வாழ்த்து கவிதைலாம் வேணாம்.

வாழ்த்துன்னதும் ஞாபகம் வருது. காண்டாக்ட் லிஸ்ட்ல இருக்கற அத்தன பேருக்கும் ஒரே ஃபார்வர்ட் வாழ்த்து, கீழயே ரெஸ்யூமே பிடிஎஃப். அத எவன் தொறப்பான்? பத்து பேருக்கு பேர் போட்டு எழுதுங்க, என்ன வேலை வேணும்னு ஒரு வரில சொல்லுங்க. "ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னா யாருக்கும் ஒண்ணும் தோணாது, "ஸ்டோர்ஸ் அக்கவுன்ட்ஸ், நாலு வருஷ அனுபவம்"னா உடனே யாராவது ஒருத்தர் மண்டைல வருவாங்க.

ரெஃபரன்ஸ் குடுக்கறவங்களும், அதான் கம்பெனி நம்மள பத்தி விசாரிச்சா பதில் சொல்றவங்களும், மனுஷங்கதான், அவங்களும் லீவு போவாங்க, இத மறந்துட்டு ஆஃபர் வாசல் வரைக்கும் வந்து நின்ன கதை நெறைய இருக்கு. முன்னாடியே கேட்டு அவங்க சம்மதத்தோட பர்சனல் நம்பரோ மெயிலோ வாங்கி வச்சுக்கங்க. பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், பே ஸ்லிப் எதாவது பாக்கி இருந்தா டிசம்பர் முதல் வாரத்துலயே கேட்டு வாங்கிடுங்க, கடைசி வாரத்துல அனுப்ப ஆள் இருக்காது.

கைல இருக்கற வேலைய விடறது பத்தி. ஃபோன்ல "நீங்க செலக்ட்டட்"னு சொன்னதும் துள்ளிக் குதிச்சு பேப்பர் போட்றாதீங்க, ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட வேண்டியவரே மலை உச்சில சிக்னல் இல்லாம இருக்கலாம். போனஸ் வர்ற டைம்னா இப்ப இருக்கற வேலைக்கு சேரும்போது குடுத்த லெட்டர எடுத்துப் படிங்க, சில இடத்துல பணம் போடற தேதில வேலைல இருந்தா போதும், சில இடத்துல நோட்டீஸ் பீரியட்ல இருந்தாலே கிடையாதுன்னு எழுதிருப்பாங்க. பத்து நாள் பொறுத்திருந்தா வந்திருக்கும்னு ஒரு ஃப்ரெண்டு இன்னும் பொலம்பிட்டு இருக்கான்.

சீசன் வேலை, அதான் கடை, குடோன், டெலிவரி மாதிரி தற்காலிக வேலை தேடறவங்க பண்ற தப்பு லேட்டா ஆரம்பிக்கறது. பெரிய எடங்கள்ல சீசனுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆள் எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. விட்டுட்டீங்கன்னா நேர்ல போய் கேளுங்க, சேந்தவங்கள்ல பாதில நின்னுபோறவங்க இருப்பாங்க. வேலை நிரந்தரம் ஆகணும்னு ஆசை இருந்தா சூப்பர்வைசர்கிட்ட வாயத் தொறந்து சொல்லிடணும், மனசுக்குள்ளயே வச்சிட்டு நல்லா வேலை செஞ்சா அவருக்கு எப்படி தெரியும்?

ஏமாத்தறவங்களுக்கும் இது சீசன்தான், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. மத்த மாசத்துல "ஆபீஸ் பூட்டிருக்கு, எல்லாம் சாட்லயே முடிச்சுக்கலாம்"னா சந்தேகம் வரும், இப்ப சொன்னா நம்பிடுவோம். ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங்னு எந்த பேர்ல காசு கேட்டாலும் அது வேலை இல்ல. லேப்டாப் வாங்கிக்கங்கன்னு ஒரு செக் அனுப்பி மிச்சத்த திருப்பி போடச் சொன்னா ஓடிடுங்க, நீங்க அனுப்பின காசு உண்மையா போயிருக்கும், அவங்க செக் பின்னாடி பவுன்ஸ் ஆகும். மெயில் அட்ரஸ்ல @ குறிக்கு அப்புறம் வர்றத ஒவ்வொரு எழுத்தா பாருங்க, அந்த வேலை கம்பெனியோட சொந்த சைட்ல இருக்கான்னும் பாருங்க.

வெளியூர்ல சொந்தக்காரங்க வீட்ல இருந்து வீடியோ இன்டர்வியூன்னா முந்தின நாளே அதே ரூம்ல, அதே நெட்ல ஒருதடவ டெஸ்ட் பண்ணிடுங்க, வீட்ல இருக்கறவங்ககிட்ட நேரத்தையும் சொல்லி வைங்க. ஏற்கனவே டிக்கெட் போட்ட பயணம் ஏதாவது இருந்தா மொத ரவுண்டுலயே அத பேச வேணாம், ஆஃபர் வந்து சேர்ற தேதி பேசும்போது சொல்லுங்க, அப்ப யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, சேந்து மூணாவது நாள் சொன்னாதான் மூஞ்சி மாறும்.