சியேனா பக்கத்துப் பண்ணைவீட்டில் தங்குவது எப்படி: நம்ம கரையிலிருந்து போகிறவர்களுக்கு

போன மாதம் பெரியபட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த மச்சான் கேட்டார், "இத்தாலிக்குப் போய் ஹோட்டலில் தங்காமல் தோட்டத்தில் தங்கினீங்களாமே, அது எப்படி?" அவர் மகன் அங்கே படிக்கிறான், அடுத்த வருஷம் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவர நினைக்கிறார். அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் இன்னும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் முழுதாக எழுதுகிறேன். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில், பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. உம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான், இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் இருக்கிற சியேனா நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் தங்கை என்று ஆறு பேர், ஐந்து இரவு.

முதலில் அந்த இடத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியில் இதற்கு அக்ரிதுரிஸ்மோ என்று பெயர். கிராமத்தில் இருக்கிற எல்லா விடுதியும் அக்ரிதுரிஸ்மோ ஆகிவிடாது. இதற்கென்று 1985-ல் ஒரு சட்டம் போட்டார்கள், இப்போது நடப்பில் இருப்பது 2006-ல் வந்தது. நடத்துகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயம்தான் முதல் தொழில், ஆட்களைத் தங்கவைப்பது அதற்குத் துணைத் தொழில். சாப்பாடு போட்டால் அதில் பெரும்பங்கு சொந்த நிலத்திலிருந்தோ அந்த வட்டாரத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும். அதனால் முன்பதிவு செய்யும்போது நீச்சல்குளத்துப் படத்தைப் பார்த்து மயங்காமல், அங்கே என்ன விளைகிறது, யார் உழுகிறார்கள், இரவுச் சாப்பாடு உண்டா என்று கேட்டு எழுதுங்கள். உண்மையான பண்ணைக்காரர் ஆசையாக நீளமாகப் பதில் எழுதுவார். அரசு முத்திரை உள்ள இடங்களில் ஒன்று முதல் ஐந்து வரை சூரியகாந்திப் பூ போட்டுத் தரம் காட்டுவார்கள், ஆனால் பூ கூடினால் வசதி கூடும் என்றுதான் அர்த்தம், விவசாயம் கூடும் என்று அல்ல.

டஸ்கனியில் இத்தனை பழைய கல்வீடுகள் வாடகைக்குக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பல நூற்றாண்டுகளாக மெட்ஸாத்ரியா என்ற முறை இருந்தது. நிலம் முதலாளியுடையது, பாடுபடுகிற குடும்பம் அந்த நிலத்திலேயே இருக்கிற வீட்டில் குடியிருக்கும், விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம்ம ஜில்லாவில் வாரத்துக்கு விடுவது என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஆலை வேலைக்கு நகரங்களுக்குப் போய்விட்டன, 1964-ல் புதிதாக அப்படி ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடை செய்தது, வீடுகள் காலியாகக் கிடந்தன. அப்படிக் கிடந்த வீடுகளில்தான் இன்றைக்குப் பலதும் தங்கும் வீடாகியிருக்கின்றன. கீழ்த்தளத்தில் மாடு, மேல்தளத்தில் மனிதர்கள் என்று இருந்த வீடு. நாங்கள் படுத்த அறைக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுத் தீவனத் தொட்டியை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள், உம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

எந்த மாதம் போவது? ஏப்ரல் முதல் ஜூன் வரை வயல் பச்சையாக இருக்கும், படத்தில் பார்க்கிற டஸ்கனி அதுதான். ஜூலை, ஆகஸ்டில் நல்ல வெயில், விலையும் அதிகம், பல பண்ணைகளில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை முழு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். செப்டம்பரில் திராட்சை அறுவடை, அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் வரை ஆலிவ் பறிப்பு. நாங்கள் போனபோது சியேனாவுக்குத் தென்கிழக்கே அஷானோ போகிற வழியெல்லாம் களிமண் மேடுகள், அறுப்பு முடிந்து உழுதுபோட்ட கட்டி கட்டியான சாம்பல் மண். முதுகுளத்தூர் பக்கம் மழைக்கு முன்னால் புழுதி உழவு போட்டிருக்கிற நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகு சட்டென்று பிடிபடும், மற்றவர்களுக்கு வறண்ட இடமாகத் தெரியலாம்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், தங்குமிடச் சான்று வேண்டும். அதனால் காசு பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் போடுங்கள்.

கார் இல்லாமல் பண்ணைவீடு கஷ்டம். நம்ம ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டியது, ஒரு வருஷம் செல்லும். அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும், கியர் வண்டிதான் அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வையுங்கள். கார் ஓட்டவே மாட்டேன் என்றால் ரயில் நிலையம் உள்ள சின்ன ஊருக்குப் பக்கமாகப் பண்ணை தேடுங்கள். ரோமிலிருந்து வருகிறவர்கள் கியூசியில் ரயில் மாறி சியேனா போகிற பாதையில் அஷானோவில் இறங்கலாம், பண்ணைக்காரர் வந்து கூட்டிப் போவாரா என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். நாங்கள் விமான நிலையத்தில் கார் வாங்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, பண்ணைக்குத் திரும்புகிற இடத்துக்கு வரும்போது இரவு ஒன்பதரை. கடைசிச் சில கிலோமீட்டர் தார் கிடையாது, அவர்கள் வெள்ளைச் சாலை என்று சொல்கிற சரளைப் பாதை. போனில் இருந்த வரைபடம் வேறு ஒரு பண்ணையின் களத்துமேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது, நாய் குரைக்கிறது, சின்னவள் அழுகிறாள், போனில் சிக்னல் இல்லை. அரை மணி நேரம் கழித்துத் தங்கைதான் வழி கண்டுபிடித்தாள். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது, ஆனாலும் அந்த வீட்டு அம்மா ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் மூடி வைத்துவிட்டு விழித்திருந்தார். அவரை அப்படிக் காக்க வைத்தது எனக்கு இன்னும் வருத்தம். அவர் விடிகாலை நாலரைக்கு ஆடு கறக்க எழ வேண்டியவர். இங்கே இரவெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கிற வரவேற்பு மேசை கிடையாது, தாமதமானால் போன் பண்ணிச் சொல்லுங்கள், வழியை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

போனதும் பாஸ்போர்ட் கேட்பார்கள், பயப்பட வேண்டாம், தங்குகிறவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி தனியாக உண்டு, பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

குளியலறையைப் பற்றி நம்ம ஆட்கள் எல்லாருக்கும் கவலை இருக்கும். நல்ல செய்தி: கழிப்பறைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே பிடே என்று தண்ணீர்க் குழாயோடு இன்னொரு தாழ்வான பீங்கான் தொட்டி இருக்கும். கழுவுவதற்கென்றே வைத்தது, 1975-ல் போட்ட அரசாணைப்படி இத்தாலிய வீடுகளில் இது இருந்தாக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குவளை மட்டும் எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், 'நோன் பொதாபிலே' என்று எழுதியிருக்கிற குழாயை மட்டும் தொட வேண்டாம். ஆனால் கோடையில் பண்ணைகளில் தண்ணீர் தட்டுப்பாடு வரும், கிணற்றையோ மழைநீர்த் தொட்டியையோ நம்பியிருக்கிற வீடுகள் உண்டு. ஊரணித் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணி வளர்ந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கரண்ட் நம்ம ஊர் மாதிரி 230 வோல்ட்தான். நம்ம மெல்லிய இரண்டு முள் பிளக் பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். அங்கே வீட்டு இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட், அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஓவன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் மெயின் விழுந்துவிடும். ஏசி இல்லையே என்று கேட்காதீர்கள், தடிமனான கல்சுவர், பகலில் மரக் கதவுகளைச் சாத்தி இரவில் திறந்து வைத்தால் போதும்.

சரி, சாப்பாடு. இங்கேதான் முன்கூட்டியே பேச வேண்டும். இரவுச் சாப்பாடு எட்டு மணி வாக்கில், நீளமான மேசையில் எல்லாரும் சேர்ந்து, அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதுதான், காலையிலேயே எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். நமக்குப் பன்றியும் ஒயினும் ஆகாது என்றால் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதுங்கள். 'சென்சா மயாலே' என்றால் பன்றி இல்லாமல், 'சென்சா வீனோ' என்றால் ஒயின் இல்லாமல். 'கார்னே இல்லை', அதாவது இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது, ஸ்ட்ருத்தோ என்ற பன்றிக் கொழுப்பை ரொட்டியிலும் பலகாரத்திலும் போடுவதுண்டு, காய்கறிச் சாறுக்கும் சில வீடுகளில் பன்றி இறைச்சியைத் தாளிப்பார்கள். சீஸில் போடுகிற உறை பெரும்பாலும் ஆட்டுக் குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது, அதில் உங்கள் வீட்டு முடிவு என்னவோ அதன்படி கேளுங்கள். நாங்கள் தேடும்போதே ஒயின் பண்ணைகளை விட்டுவிட்டு ஆடு, கோதுமை, ஆலிவ் உள்ள இடமாகப் பார்த்ததால் வேலை சுலபமானது. கையால் உருட்டிய தடித்த பீச்சி நூடுல்ஸை பூண்டு, தக்காளி போட்டுத் தந்தார்கள், ஒரு நாள் பழைய ரொட்டியும் கருங்கோசும் பீன்ஸும் சேர்த்துக் கொதிக்கவைத்த ரிபோலித்தா, வெள்ளிக்கிழமை பக்கலா என்ற உப்புக்கண்டம் போட்ட மீன். உம்மாவுக்கு அந்த மீன்தான் பிடித்தது. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், அது அந்த ஊர் வழக்கம், கறியோடு சேர்த்துச் சாப்பிட்டால் சரியாக இருக்கும்.

சமையலறையோடு வீடு எடுத்தால் ஊரிலிருந்து என்ன கொண்டு போகலாம்? இறைச்சி, பால் பொருள் எதுவும் கூடாது, நெய்யும் பால்கோவாவும் சேர்த்துத்தான். பச்சைக் கறிவேப்பிலையைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டு போக முடியாது, காயவைத்துப் பொடித்து எடுத்துப் போங்கள். மீனுக்கு மட்டும் விலக்கு உண்டு, சொந்தச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் அடங்கும். ஆனாலும் நெத்திலியை அந்தக் கல்வீட்டில் பொரித்தால் வாடை போக ஒரு வாரம் ஆகும், அடுத்து வருகிறவர்கள் பாவம். மாசிக் கருவாட்டுத்தூள் போதும். அதைத் தேங்காய் இல்லாமலே வெங்காயம், மிளகாயோடு சம்பலாக்கி அந்த வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தோம், அவர் அதை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு எதில் செய்தது என்று மூன்று தடவை கேட்டார்.

அப்புறம், நாளைப் பிரிப்பது. பலரும் செய்கிற தப்பு, தினமும் காலையில் நகரத்துக்கு ஓடி இரவில் படுக்க மட்டும் பண்ணைக்கு வருவது. அப்படியென்றால் நகரத்திலேயே அறை எடுக்கலாமே. ஐந்து நாளில் இரண்டு நாள் சியேனாவுக்குப் போதும், மீதியைப் பண்ணைக்குக் கொடுங்கள். ஆடு கறப்பதையும் சீஸ் பிழிவதையும் பார்க்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள், வேலை நேரத்தில் திடீரென்று போய் நிற்காதீர்கள். என் மகன் இரண்டாம் நாளிலிருந்து தானாகவே எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டான். ஊரில் அவனை மதரசாவுக்கு எழுப்பவே அரை மணி ஆகும்.

சியேனா போகும்போது காரை மதிலுக்குள் கொண்டு போகாதீர்கள். இசட்.டி.எல். (வண்டி நுழையக் கட்டுப்பாடு உள்ள பகுதி) என்ற பலகை இருக்கிற தெருவில் நுழைந்தால் கேமரா பிடித்து, மாதக்கணக்கில் கழித்துக்கூட அபராதம் வீட்டுக்கு வரும். வெள்ளைக் கோட்டில் நிறுத்தினால் இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை. ஃபொந்தெபிராந்தா பக்கம் நிறுத்தினால் மேலே போக நகரும் படிக்கட்டு இருக்கிறது, வயதானவர்களுக்கு அதுதான் நல்லது. அந்த ஃபொந்தெபிராந்தா ஒரு பழைய நீரூற்றுக் குளம், நம்ம ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சியேனாவுக்கு ஆறு கிடையாது. மலைமேல் இருக்கிற ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர இடைக்காலத்தில் பூமிக்கடியில் 25 கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் காம்போ சதுக்கத்தில் இருக்கிற பழைய நகர மாளிகைக்குள் போங்கள், அம்ப்ரோஜோ லோரன்செத்தி 1338, 1339-ல் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. நல்ல ஆட்சி நடந்தால் நகரம் எப்படி இருக்கும், அதை ஒட்டிய கிராமம் எப்படி இருக்கும் என்று மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரைந்திருக்கிறார். மதிலுக்கு வெளியே உழவும் அறுப்பும், வாசல் வழியாகச் சரக்கு ஏற்றிய கழுதைகள். நாங்கள் தங்கியிருந்த அதே மேடுகள். பண்ணையில் இரண்டு நாள் இருந்துவிட்டு அதைப் பார்த்தால்தான் புரியும், அதனால் நகரத்தை மூன்றாம் நாளுக்கு வையுங்கள்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் பாலியோ குதிரைப் பந்தயம். சேணம் இல்லாத குதிரையில் சதுக்கத்தை மூன்று சுற்று, ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். நம்ம பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஊரே சாலையோரம் நிற்பது மாதிரி அங்கே 17 வட்டாரங்களும் உயிரைக் கொடுத்து நிற்கும். பார்க்க ஆசை இருந்தால் பல மாதம் முன்பே அறை போடுங்கள், கைக்குழந்தையோடு சதுக்கத்துக்குள் நிற்க வேண்டாம், நடுவில் வெளியே வர முடியாது.

கிளம்பும்போது எண்ணெய் வாங்குங்கள். நவம்பரில் போனால் புது எண்ணெய், தொண்டையில் மிளகு மாதிரி காரும், அது கெட்டுப்போனது அல்ல, நல்ல எண்ணெயின் அடையாளம். கண்ணாடி பாட்டில் வேண்டாம், டின்னில் கேளுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். ஊருக்கு வந்ததும் அடுப்பங்கரை ஜன்னலோரம் வைக்காமல் இருட்டான அலமாரியில் வைத்து, நம்ம வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உம்மா கடைசிவரை அதைக் கணவாய்ப் பிரட்டலுக்கு மட்டும்தான் ஊற்றினார்.