ஒரு ஸ்ட்ரீம், பல கன்ஸ்யூமர்: ஜாவாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளின் கேட் பதிவுகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவிலும் லாரி எண், 11 எழுத்துள்ள கன்டெய்னர் எண், நேரம். இதே பதிவுகள் ஜாவா நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் மூன்று த்ரெட்டுக்கும், அதாவது பதிவை வாங்கிப் பயன்படுத்தும் மூன்று கன்ஸ்யூமருக்கும், வேண்டும். ஒன்று கன்டெய்னர் எண்ணின் கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தைச் சோதிக்கும், இன்னொன்று தகவல் பலகையை மாற்றும், மற்றது கோப்பில் எழுதும். பலரும் உடனே ஒரு பிளாக்கிங்கியூவை (த்ரெட்டுகள் பதிவைப் போட்டு எடுக்கும் வரிசை) எடுத்து நடுவில் வைப்பார்கள். தப்பு அங்கேயே ஆரம்பம்.

ஒரே கியூவில் மூன்று த்ரெட்டும் டேக் போட்டு எடுத்தால், ஒரு பதிவு ஒருவருக்குத்தான் கிடைக்கும். வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள அது சரி. எல்லாருக்கும் எல்லாம் போக வேண்டுமென்றால் உதவாது. சோதனையில் இது மாட்டாமல் தப்பிவிடும், ஏனென்றால் பலகையில் எண்கள் ஓடும், கோப்பும் வளரும், எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எதுவும் வராது. வந்த பதிவுகளையும் கோப்பின் வரிகளையும் எண்ணிப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். ஒவ்வொரு கன்ஸ்யூமருக்கும் தனிக் கியூ வையுங்கள். படிக்கிற த்ரெட் ஒன்றே மூன்றிலும் போடட்டும்.

பதிவுகள் பைட்டாக வரும் இன்புட்ஸ்ட்ரீமையே மூன்று த்ரெட்டிடம் நீட்டுவது இதைவிட மோசம். ஒருவர் படித்த பைட் அடுத்தவருக்கு வராது. பதிவின் தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் போகும். ஜாவா 8-இன் ஸ்ட்ரீமாவது (பெயர் ஒத்தாலும் இது வேறு வசதி) இரண்டாம் முறை தொட்டால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வீசும். ஒரே ஓட்டத்திலிருந்து இரண்டு கணக்கு மட்டும் வேண்டுமென்றால் ஜாவா 12-இல் வந்த கலெக்டர்ஸ்.டீயிங் போதும், த்ரெட் பேச்சே வேண்டாம்.

அடுத்தது கியூவின் அளவு. லிங்க்டுபிளாக்கிங்கியூவுக்கு அளவு சொல்லாவிட்டால் 214 கோடிக்கு மேல் ஏற்கும். டிஸ்க் திணறும் நாளில் கியூ வளர்ந்துகொண்டே போய், நினைவகம் தீர்ந்து அவுட்ஆஃப்மெமரிஎரர் வரும். அளவு வைத்துவிட்டால் நிரம்பும்போது பதிவைப் போடும் புட் காத்திருக்கும்; முன்னால் ஒரு லாரி பஞ்சரானால் பின்வரிசை முழுக்க நிற்பதுபோல், பலகை தாமதித்தால் கோப்பும் நின்றுவிடும். மூன்றுக்கும் ஒரே விதி வைப்பதால் வரும் வினை இது. கோப்பில் ஒன்றும் விடுபடக் கூடாது, அதற்கு புட். பலகைக்குப் பழைய எண் தவறினால் குடி முழுகாது, அதற்குக் காத்திருக்காத ஆஃபர். இடமில்லையென்றால் ‘போல்’ மெத்தடால் பழையதை எடுத்துத் தள்ளிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

ஜாவா 9 முதல் இருக்கும் சப்மிஷன்பப்ளிஷர் என்ற கிளாஸ், சந்தா சேர்ந்த எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும். ஆனால் அதிலும் குழிகள் உண்டு. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் இயல்பு பஃபர் (காத்திருப்பு இடம்) 256 பதிவு. நீங்கள் 1000 கேட்டால் இரண்டின் அடுக்காக 1024 ஆக்கிக்கொள்ளும். யாராவது ஒருவரின் பஃபர் நிரம்பினாலும் பதிவை அனுப்பும் சப்மிட் அப்படியே நிற்கும். பதிவு வந்ததும் ஓடும் ஆன்நெக்ஸ்ட்டில், அடுத்ததைக் கேட்கும் ரெக்வெஸ்ட் போட மறந்தால், கேட்ட அளவு வந்ததும் அந்தச் சந்தாதாரருக்கு ஓட்டம் நின்றுவிடும், சத்தமே இருக்காது. ஆன்நெக்ஸ்ட் எக்ஸெப்ஷன் வீசினாலோ அவருடைய சந்தா ரத்து. பதிவுகள் வர ஆரம்பித்த பிறகு சந்தா சேர்ந்தவருக்கு முந்தையவை கிடைக்காது, ஆகவே மூவரும் சேர்ந்த பிறகே முதல் சப்மிட்.

த்ரெட்டுகளை ஓட்டும் எக்ஸிக்யூட்டர் ஒன்றை சப்மிஷன்பப்ளிஷருக்குக் கொடுக்காவிட்டால், சந்தாதாரர் வேலை இயல்பாகப் பொதுவான ஃபோர்க்ஜாயின் பூலில் (நிரல் முழுதும் பகிரும் த்ரெட் தொகுப்பு) ஓடும். நான்கு கோர் கணினியில் அதில் வழக்கமாக மூன்றே த்ரெட். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் கன்ஸ்யூமர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டால் அதே பூலில் ஓடும் பேரலல் ஸ்ட்ரீம்களும் சேர்ந்து தவிக்கும். சந்தாதாரர் எண்ணிக்கைக்குக் குறையாத த்ரெட்டுகளோடு தனி எக்ஸிக்யூட்டர் கொடுப்பதே நல்லது. பொது பூலின் த்ரெட்டுகள் டீமன் வேறு, அதாவது நிரல் முடிவதைத் தடுக்காதவை. மெயின் முடிந்தால் மிச்சப் பதிவுகளோடு செத்துப்போகும். கன்ஸ்யூம் மெத்தட் திருப்பித் தரும் கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரைப் பிடித்து வைத்து, க்ளோஸ் செய்த பிறகு ஜாயின் போட்டு முடியும்வரை காத்திருங்கள். தனிக் கியூ முறையில் முடிவைச் சொல்லும் சிறப்புப் பதிவைக் கியூவுக்கு ஒன்று வீதம் மூன்று போட வேண்டும்.

கடைசியாக, மூவருக்கும் போவது நகல் இல்லை, ஒரே ஆப்ஜெக்ட். சரிபார்க்கிற த்ரெட் கன்டெய்னர் எண்ணில் இடைவெளியை நீக்கி அதிலேயே எழுதினால், கோப்பில் சில வரி இடைவெளியோடும் சில வரி இல்லாமலும் விழும். புலங்களை மாற்ற முடியாத ரெக்கார்டாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் உள்ளே பைட் அரே இருந்தால் அதை யாரும் மாற்றலாம். பைட்பஃபர் என்றால் படிக்க மட்டும் முடிகிற ஆஸ்ரீட்ஒன்லிபஃபர் ஆளுக்கொன்று கொடுங்கள்: தரவு ஒன்றே, படிக்கும் இடம் மட்டும் தனித்தனி.