சேலத்தில் அரசு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்வது: ஐந்து மாதம் தின்ற ஒரு காகிதம்

இரண்டு மாத வேலை என்று நினைத்து இறங்கினேன். ஏழு மாதம் இழுத்தது. அதில் ஐந்து மாதத்தைத் தின்றது ஒரே ஒரு சான்றிதழ். அதைப் பற்றித்தான் இங்கே நிறைய எழுதப்போகிறேன், மற்றதை வேகமாகக் கடந்துவிடுவோம்.

முதலில் ஒரு குழப்பம். "கான்ட்ராக்டர் லைசென்ஸ் எங்கே எடுக்கறது?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் வீடு கட்ட மேஸ்திரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ அப்படி ஒற்றை லைசென்ஸ் கிடையாது. என் அப்பா அம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் வீடு கட்டினார். அவரிடம் இருந்தது ரசமட்டமும் ஒரு டைரியும்தான். கட்டட அனுமதி வீட்டுக்காரர் பெயரில் வரும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டியவர்கள், வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளர், கட்டடக் கலைஞர் போன்றவர்கள்.

நமக்குப் பதிவு தேவைப்படுவது அரசு வேலை எடுக்கும்போதுதான். பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை, உள்ளாட்சி என்று அவரவருக்குத் தனித்தனிப் பதிவேடு. நான் செய்தது பொதுப்பணித்துறையில். அங்கே ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். எந்த வகுப்போ, அதற்கு ஏற்ற தொகை வரைதான் டெண்டர் போட முடியும். ஐந்தில் தொடங்குங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இன்னொன்று, 2021-இல் நீர்வளத்துறை தனியாகப் பிரிந்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் இரண்டையும் 'பிடபிள்யூடி' என்றே சொல்வார்கள். நான் அந்தச் சொல்லை நம்பி வேறு வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டடப் பிரிவு எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

பான், ஆதார், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, பட்டா. ஐந்தையும் மேசையில் வைத்து இனிஷியல் உட்பட ஒத்துப்பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயரே முழுதாகப் பின்னால் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால் கடைசிப் படியில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஜிஎஸ்டி பற்றி விளக்கம் தேவையில்லை, ஆடிட்டர் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் சட்டப்படி கட்டாயம் இல்லைதான். ஆனால் அரசு பில் வாங்கப்போகிறவர் எடுத்துவிடுவதே நல்லது. அரசு வேலைக்கு வரி 18 சதவீதம் என்பதை மட்டும் விலைப்புள்ளி எழுதும்போது மறந்துவிடாதீர்கள். 2022 ஜூலை வரை 12 ஆக இருந்த ஞாபகத்தில் சிலர் இன்னும் கணக்குப் போடுகிறார்கள்.

படி 2: சால்வன்சி

இதுதான் அந்தக் காகிதம். சொத்து மதிப்புச் சான்றிதழ். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால் ஈடுகட்ட உங்களுக்குச் சொத்து இருக்கிறது என்று தாசில்தார் தரும் சான்று.

நான் செய்த முதல் தப்பு, குடியிருக்கும் அஸ்தம்பட்டியை வைத்து விண்ணப்பித்தது. நிலம் இருப்பது வாழப்பாடிப் பக்கம். வீடு எங்கே இருந்தாலும், சொத்து இருக்கும் தாலுகாவில்தான் சால்வன்சி. இ-சேவை மையத்தில் திரும்பப் பணம் கட்டி, திரும்ப ஆவணங்களை ஏற்றினேன்.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. விஏஓ நிலத்தைப் பார்க்க வந்தார். வரப்பில் நின்றபடி சிட்டாவைப் புரட்டிவிட்டு, "தம்பி, இதுல மூணு பேர் இருக்கீங்களே" என்றார்.

"என் பங்கு தனியாத்தாங்க இருக்கு சார். வேலியே போட்டிருக்கோம் பாருங்க."

"வேலி எனக்குத் தெரியுது. பட்டாவுக்குத் தெரியாதே."

கூட்டுப்பட்டா. அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் வாய்வழியாகப் பிரித்துக்கொண்டு வருடக்கணக்கில் உழுத நிலம். அப்பா காலமான பிறகு அவர் இடத்தில் என் பெயர் ஏறியது, அவ்வளவுதான். எது என் பங்கு என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய வரிசை இது: பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அதை வைத்து உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் வந்து அளந்து புது உட்பிரிவு எண் கொடுத்ததும் தனிப்பட்டா வரும். அதன் பிறகே வில்லங்கச் சான்று போடுங்கள். முதலிலேயே போட்டால் பாகப்பிரிவினை அதில் ஏறியிருக்காது, இன்னொரு முறை போட வேண்டிவரும். நான் இரண்டு முறை போட்டேன்.

பத்திரத்தைவிடக் கடினமானது சித்தப்பா. "இத்தனை வருஷம் இல்லாத பாகம் இப்ப எதுக்குடா? என்னை நம்பலையா?" என்று கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. கடைசியில் சித்திதான் அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். ஆகவே வீட்டில் ஒரு வருடம் முன்பே பேச்சை எடுத்துவிடுங்கள்.

அடமானத்தில் இருக்கும் சொத்தைக் காட்டாதீர்கள். அது வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும்.

படி 3: விண்ணப்பம்

சால்வன்சி கையில் வந்துவிட்டால் இது ஒன்றுமே இல்லை. உங்கள் வகுப்புக்கான ஆவணப் பட்டியலை அலுவலகத்திலேயே வாங்குங்கள். வெளியே ஜெராக்ஸ் கடையில் விற்கும் பழைய படிவத்தை வாங்காதீர்கள்.

படி 4: டிஜிட்டல் கையொப்பம்

டெண்டர்கள் தமிழ்நாடு அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் வரும். உள்ளே போக மூன்றாம் வகுப்பு டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ், வேண்டும். இரண்டாம் வகுப்பு 2021 தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கையொப்ப வசதி உள்ளதே போதும். 'என்கிரிப்ஷன் சேர்த்து காம்போ' என்று விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு வாங்குங்கள்.

இதற்கென்று ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப்பை ஒதுக்கிவிடுங்கள் என்பது என் கட்சி. பிள்ளைகள் விளையாடும் கணினியில் டோக்கன் (கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி கருவி) மென்பொருளைப் போட்டு, கடைசி நாள் மாலை அது திறக்காமல் போனால் அழுகைதான் வரும். பின் நம்பரைப் பலமுறை தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். டோக்கனைப் பிரௌசிங் சென்டர் அண்ணனிடம் கொடுத்துவைக்கும் பழக்கம் ஊரில் நிறைய இருக்கிறது. அது உங்கள் கையெழுத்து. வெற்றுக் காசோலையில் போட்டுக் கொடுத்த மாதிரி.

படி 5: ஆள் கணக்கு

பத்துப் பேர் வேலை செய்தால், 2025 நவம்பர் வரை இருந்த 1996-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டப்படி, வேலை தொடங்கிய 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்குப் போகிறது, அதையும் மதிப்பீட்டில் சேருங்கள். இருபது பேர் ஆகிவிட்டால் ஒப்பந்தத் தொழிலாளர் உரிமமும் வேண்டியிருந்தது.

பிற்சேர்க்கை: அந்த 20 என்பது 1970 சட்டத்தின் கணக்கு என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். சரிதான். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 50. உரிமத்துக்குப் பணம் கட்டும் முன் தொழிலாளர் துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: "ஏற்காட்டில் காட்டேஜ் கட்ட இந்தப் பதிவு போதுமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது தனியார் வேலை, இந்தப் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மலைக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உண்டு. அந்த அனுமதியை வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரா என்று காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் தொடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் செங்கல் ஏற்றும் வண்டி வாடகையைத் தனியாக எழுதி வாங்குங்கள். நான் சதுர அடி விலைக்குள் அதை அடக்கி ஒப்புக்கொண்டுவிட்டு, மழைக்காலம் முழுக்கக் கைக்காசு போட்டேன்.