பிளாட்டினம்–கோபால்ட் மென்படலத்தில் எதிர்ச்சீர் பரிமாற்ற இடைவினையை அளப்பது எப்படி

வழக்கமான பரிமாற்ற இடைவினை அண்டை ஸ்பின்களை (அணுக்களின் நுண் காந்தங்களை) ஒரே திசையில் நிறுத்தப் பார்க்கும். இயற்பியலாளர்கள் ட்சியாலோஷின்ஸ்கி 1958-இலும் மோரியா 1960-இலும் விளக்கிய எதிர்ச்சீர் இடைவினையோ அவற்றை ஒரு குறிப்பிட்ட சுழற்சித் திசையில் சாய்த்துவிடும். மென்படலத்தில் இதற்கு இரண்டு தேவை: கோபால்ட்டின் கீழும் மேலும் வெவ்வேறு பொருள், அவற்றில் ஒன்றாவது பிளாட்டினம் போன்ற கன உலோகம்.

ஆக்சைடு பூசிய சிலிக்கான் மேல் டான்டலம் 3, பிளாட்டினம் 4, கோபால்ட் 0.8, டான்டலம் 3 நானோமீட்டர் என்று ஸ்பட்டரிங்கில் (அயனிகள் மோதிப் பெயர்க்கும் அணுக்களைப் படியவைக்கும் முறையில்) அடுக்குங்கள். கூடவே மேலும் கீழும் பிளாட்டினம் உள்ள ஒப்பீட்டுப் படலம் ஒன்றும் செய்யுங்கள். அதில் இரு இடைமுகங்களின் விளைவும் பெரும்பாலும் கழிந்துபோகும். பெரிய மதிப்பு வந்தால் உங்கள் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், சிலிக்கான் துண்டில் ஈரம் ஒட்டிக்கொண்டே வரும். வெற்றிடத்திலேயே 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கி ஆறவிட்டுப் பிறகு பூசுங்கள். ஈரம் மிஞ்சினால் கோபால்ட் ஆக்சைடாகி, படலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் காந்தத்தன்மையே கெடும். முடிந்த படலம் சிலிக்கா ஜெல் உள்ள உலர்கலத்தில் இருக்கட்டும்.

இனி கெர் நுண்ணோக்கி: எதிரொளியின் முனைவாக்கம் திரும்புவதை வைத்துக் காந்தப் பகுதிகளைக் காட்டும் கருவி. செங்குத்துப் புலத் துடிப்பால் ஒரு குமிழ் டொமைனை, அதாவது சுற்றிலும் உள்ளதற்கு எதிர்த்திசையில் காந்தமான வட்டப் பகுதியை, உருவாக்குங்கள்; அதன் விளிம்பே சுவர். படலத் தளத்தில் நிலையான புலம் வைத்து, செங்குத்துத் துடிப்பு கொடுத்து, வலச்சுவரும் இடச்சுவரும் நகர்ந்த தூரத்தைத் துடிப்பின் நேரத்தால் வகுங்கள். தளப்புலத்தை மைனஸ் 300 முதல் பிளஸ் 300 மில்லிடெஸ்லா வரை மாற்றிச் சுவரின் வேகத்தை வரையுங்கள். வேகம் மிகக் குறையும் இடத்துப் புலமே எதிர்ச்சீர் புலம்.

பெரும்பாலான தவறான எண்கள் காந்தத்தின் சாய்விலிருந்து வருகின்றன. 200 மில்லிடெஸ்லா தளப்புலம் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் 3.5 மில்லிடெஸ்லா செங்குத்தாகக் கசியும். துடிப்பே 8 மில்லிடெஸ்லாதான் என்றால் அது ஏறக்குறைய பாதி! சுவரின் வேகம் புலத்தோடு அடுக்குக்குறியாக மாறுவதால் வளைவு முழுவதும் கோணலாகிவிடும். சோதனை எளிது: துடிப்பு இல்லாமல் தளப்புலம் மட்டும் வைத்துச் சில நிமிடம் பாருங்கள்; குமிழ் அசையவே கூடாது. பிறகு, பிளஸ் புலத்தில் வலச்சுவரின் வேகமும் மைனஸ் புலத்தில் இடச்சுவரின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படலம் இருக்கும் மேடையின் சாய்வைத் திருத்தும்வரை தரவு எடுக்காதீர்கள். சுருள் சூடானாலும் இதே வகைக் கோளாறு வரும், இடையிடையே ஆறவிடுங்கள்.

கணக்கு: எதிர்ச்சீர் புலம் 0.1 டெஸ்லா, காந்தமாக்கம் மீட்டருக்கு 11 லட்சம் ஆம்பியர், சுவர் அகலக் கூறு 6.3 நானோமீட்டர் என்றால், மூன்றையும் பெருக்க சதுர மீட்டருக்குச் சுமார் 0.7 மில்லிஜூல் கிடைக்கும்; இதுவே எதிர்ச்சீர் இடைவினையின் வலிமை. சுவர் அகலக் கூறு என்பது பரிமாற்ற விறைப்பை (ஸ்பின்களை ஒரே திசையில் நிறுத்தும் வலிமையை) நிகரத் திசையொவ்வாமையால் (காந்தத்தைச் செங்குத்தாக நிறுத்தும் வலிமையால்) வகுத்ததன் வர்க்கமூலம். காந்தமாக்கத்தை நூல் மதிப்பிலிருந்து எடுக்காமல் அதே படலத்திலேயே அளவிடுங்கள். மேல் டான்டலம் கோபால்ட்டோடு கலந்து காந்தமற்ற அடுக்கு உண்டாக்கும்; அந்தத் தடிமனைக் கழிக்க வேண்டும்.

வேக வளைவு குறைந்தபட்சப் புள்ளியின் இருபுறமும் சமச்சீராக இல்லையென்றால் இந்த எளிய மாதிரி பொருந்தவில்லை. அப்போது பிரில்லவான் ஒளிச்சிதறலுக்கு, அதாவது ஸ்பின் அலைகளில் லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் முறைக்கு, போங்கள். அங்கே எதிரெதிர்த் திசையில் ஓடும் ஸ்பின் அலைகளின் அதிர்வெண் வேறுபாடே விடை தரும். விறைப்பின் மதிப்பு தேவையில்லை.